எடை குறைந்த வண்டி: கடையில் கேட்க வேண்டியதும் தெருவில் கேட்க வேண்டியதும்

கைக்குழந்தையோடு பெருநகரத்தில் வாழப்போகும் நண்பர்கள் கேட்கும் முதற்கேள்விகளுள் ஒன்று, ‘எந்த ஸ்ட்ரோலர் வாங்கலாம்? எடை குறைவாக இருக்க வேண்டும்’ என்பது. தில்லியில் முனைவர்பட்ட ஆய்வுக்கு நடுவே குழந்தை பெற்றவள் என்பதால் இக்கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதிய விடையைச் சற்று விரித்து இங்கே பொதுவில் வைக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தைக்கு, ஏறத்தாழ முதல் ஆறு மாதங்களுக்கு, எடை குறைந்த மடக்கு வண்டி பெரும்பாலும் தேவையில்லை. அவற்றுள் பல மாதிரிகள் அவ்வயதுக்குப் பொருந்தவும் பொருந்தா. அதன்பின் வாங்கலாம். ஆனால் கடையின் வழுவழுப்பான தரையில் உருட்டிப் பார்த்து முடிவெடுக்காமல், நம் வீட்டுப் படிக்கட்டையும் தெரு நடைபாதையையும் கணக்கில் கொண்டு வாங்க வேண்டும். எவ்வளவு விலை கொடுத்தாலும் ஒரு வண்டி தீர்த்துவைக்க முடியாத குறை ஒன்று நம் தெருக்களில் இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் சரிசெய்ய முடியும்.

மொழியியல் படித்தவள் என்பதால் பெயரிலிருந்து தொடங்குகிறேன். ‘ஸ்ட்ரோல்’ என்ற ஆங்கில வினைக்கு உலாவுதல் என்று பொருள். அவசரமின்றி, தடையின்றி நடக்க ஓரிடம் இருக்கிறது என்ற நம்பிக்கை அப்பெயருக்குள் பொதிந்திருக்கிறது. தமிழில் தள்ளுவண்டி என்றால் காய்கறியும் வேர்க்கடலையும் நினைவுக்கு வருகின்றன. குழந்தைக்கென்று நம்மிடம் இருப்பது நடைவண்டி. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவமாகச் சிறுதேர் இருக்கிறது. இரண்டிலும் வண்டியைச் செலுத்துவது குழந்தைதான். குழந்தையைக் கிடத்திப் பெரியவர்கள் தள்ளிச்செல்லும் வண்டிக்கு நிலைபெற்ற தமிழ்ப்பெயர் இன்னும் அமையவில்லை. ஒரு சொல் இல்லை என்பதைக் கொண்டு பெரிய முடிவுகளுக்குத் தாவக் கூடாது என்பது எங்கள் துறையின் முதற்பாடங்களுள் ஒன்று. ஆகவே ஒன்றை மட்டும் குறித்துவிட்டு நகர்கிறேன்: இப்பொருள் வேறொரு நிலத்துத் தெருக்களை மனத்தில் கொண்டு உருவானது. அந்த வரலாற்றைச் சிறிது தெரிந்துகொண்டால் வாங்கும் முடிவு எளிதாகும்.

பிரித்தானியாவில் நெடுங்காலம் புழங்கிய குழந்தை வண்டி, கனத்த உடற்பகுதியும் பெரிய சக்கரங்களும் கொண்ட நடமாடும் தொட்டில். குழந்தை அதில் மல்லாந்து படுத்திருக்கும். அதை மடக்க முடியாது, ஒருவராகத் தூக்கவும் முடியாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பில் பணியாற்றிய ஓவன் மெக்லாரன் என்ற பொறியாளர், 1965ஆம் ஆண்டில் அலுமினியக் குழாய்களைக் கொண்டு குடைபோல மடங்கும் வண்டியொன்றை வடிவமைத்தார். அதன் எடை 6 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2.7 கிலோ. இன்று சந்தையில் காணும் எடை குறைந்த வண்டிகள் பலவற்றுக்கும் அதுவே மூதாதை.

அந்த எடைக்குறைவு எப்படிக் கிடைத்தது என்பதே நமக்கு முக்கியம். தொட்டில் நீக்கப்பட்டு, இரு குழாய்களுக்கு இடையே தொங்கும் துணி இருக்கை வந்தது. படுக்கை இருக்கையாக மாறியதால்தான் எடை இறங்கியது. எனவே இவ்வகை வண்டி அதன் பிறப்பிலேயே உட்காரத் தெரிந்த குழந்தைக்கானது. பின்னர் வந்த நிறுவனங்கள் முதுகுப்பகுதியைச் சாய்க்கும் வசதியையும் தனியே பொருத்தும் படுக்கையையும் சேர்த்தன. சேர்க்கச் சேர்க்க எடையும் விலையும் ஏறின. ஆகவே ‘மிகக் குறைந்த எடை’, ‘பிறந்த நாள் முதல்’ என்ற இரண்டும் ஒரே அட்டையில் எழுதப்பட்டிருந்தால், இரண்டாவதைச் சற்று நிறுத்திப் படியுங்கள்.

ஏன் படிக்க வேண்டும்? பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அந்தத் தலையைத் தாங்கும் வலிமை கழுத்துக்கு இன்னும் வரவில்லை. அரைகுறையாகச் சாய்ந்த இருக்கையில் வைத்தால் தலை முன்னே கவிழ்ந்து தாடை மார்பில் படியும். மென்மையான மூச்சுக்குழாய் மடங்கி மூச்சு தடைப்படக்கூடும். குழந்தை அழாது, திமிறாது; உறங்குவதுபோலவே தோன்றும். இதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், உட்கார்த்திவைக்கும் சாதனங்களை வழக்கமான உறக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது; நான்கு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்கிறது. பிறந்தது முதல் பயன்படுத்தத்தக்க வண்டியில் இருக்கைக்கும் முதுகுப்பகுதிக்கும் இடையேயான கோணம் குறைந்தது 150 பாகையாவது இருக்க வேண்டும் என்பது குழந்தை வண்டிகளுக்கான ஐரோப்பியத் தரநிலை. நேர்க்கோடு 180 பாகை. ஆக ஏறத்தாழ முழுப்படுக்கையே கோரப்படுகிறது. கடையில் கோணமானி கிடைக்காது. ஆனால் முதுகுப்பகுதியை முழுவதும் சாய்த்துப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் படுக்கைபோல் இருக்கிறதா, சாய்வு நாற்காலிபோல் இருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும். சாய்வு நாற்காலி என்றால் அது உட்காரத் தெரிந்த பிள்ளைக்கு உரியது.

அடுத்தது எடை. விளம்பரத்தில் வரும் எடை வெறும் வண்டியின் எடை. படிக்கட்டில் நாம் தூக்குவது அதை மட்டுமன்று. முனிர்கா போன்ற பகுதிகளில் ஆய்வு மாணவர் உதவித்தொகைக்குக் கட்டுப்படியாகும் வீடு என்றால் மூன்றாம் தளம், மின்தூக்கி கிடையாது, இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய படிக்கட்டு. வண்டி 7 கிலோ, குழந்தை 4 கிலோ, பாலும் துணியும் மடிக்கணினியும் சேர்ந்த பை 3 கிலோ என்றால் ஆக மொத்தம் 14 கிலோ. குழந்தை ஐந்தாறு மாதத்தில் பிறப்பு எடையைப்போல் இருமடங்காகிவிடும். அப்போது 16, 17 கிலோ. இந்தியாவில் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நூற்றுக்கு 21.5 மகப்பேறுகள் சிசேரியன் முறையில் நிகழ்ந்தவை. அவ்வறுவைக்குப் பின் ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம் என்பது மருத்துவர்கள் பொதுவாகக் கூறும் அறிவுரை. அவ்வாரங்களில் ஐந்து கிலோ வண்டியும் தாய்க்குக் கனமான வண்டிதான். 5 கிலோவா 7 கிலோவா என்று மாதிரிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்குமுன், அதைத் தூக்கப்போவது யார், எத்தனை படி, அந்நேரத்தில் குழந்தை யார் கையில் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

எடைக்குறைவுக்கு இன்னொரு விலையும் உண்டு. வண்டி எவ்வளவு இலகுவோ அவ்வளவு எளிதில் பின்பக்கம் சாயும். நான்கு கிலோ குழந்தை அமர்ந்திருக்கும் ஆறு கிலோ வண்டியின் கைப்பிடியில் காய்கறிப் பையையோ புத்தகப் பையையோ தொங்கவிட்டால் எடை மையம் பின்சக்கரங்களுக்குப் பின்னே நகர்ந்துவிடும். கையை எடுத்த கணத்தில் வண்டி குழந்தையோடு மல்லாந்து விழும். பையை முதுகில் மாட்டுங்கள், அல்லது இருக்கைக்கு அடியிலுள்ள கூடையில் வையுங்கள். கைப்பிடியில் எதுவும் தொங்கக் கூடாது என்பதை வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லிவையுங்கள்.

இனிச் சக்கரம். எடை குறைந்த வண்டிகளின் சக்கரம் பெரும்பாலும் 12 முதல் 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறிய, கெட்டியான சக்கரம். 15 சென்டிமீட்டர் விட்டம் என்றால் ஆரம் 7.5 சென்டிமீட்டர். தன் ஆரத்துக்கு நிகரான உயரமுள்ள தடையின்மீது எந்தச் சக்கரமும் தள்ளுவதால் மட்டும் ஏறிவிடாது. நடைமுறையில் அதைவிடச் சிறிய மேடுகளே அதை நிறுத்திவிடும். இந்தியச் சாலைப் பேராயம் 2012இல் வெளியிட்ட பாதசாரி வசதிகளுக்கான நெறிமுறைகள், நடைபாதையில் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்றும், விளிம்புக் கல்லின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கின்றன. அதாவது விதிப்படி கட்டிய விளிம்பே நம் சக்கரத்தின் ஆரத்தைப்போல் இருமடங்கு. அதனால்தான் கடக்குமிடங்களில் சாய்தளம் அமைக்க வேண்டும் என்று அதே நெறிமுறைகள் கூறுகின்றன. சாய்தளம் இல்லாத நடைபாதை சக்கரத்துக்கு ஒரு திண்ணை. அதில் ஏற வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் முன்பக்கத்தை உயர்த்திப் பின்பக்கத்தைத் தூக்க வேண்டும்.

தில்லியில் இந்த வேறுபாட்டை ஒரே பயணத்தில் உணரலாம். 2002 டிசம்பரில் ஓடத் தொடங்கிய தில்லி மெட்ரோவில் நிலையங்களில் மின்தூக்கி உண்டு, சக்கர நாற்காலிக்கான அகன்ற வாயில் உண்டு, நடைமேடையும் பெட்டியின் தரையும் ஏறத்தாழச் சமமட்டத்தில் உண்டு. குழந்தை வண்டியை நகரும் படிக்கட்டில் ஏற்றக் கூடாது என்ற ஒன்றை நினைவில் வைத்து மின்தூக்கியைத் தேடிச் சென்றால், தெருமட்டத்திலிருந்து பெட்டிவரை ஒருமுறையும் தூக்காமல் போய்விடலாம். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் நிலைமை மாறுகிறது. நடைபாதை தொடங்குமிடத்தில் இருசக்கர வாகனங்கள் ஏறாதிருக்க நட்ட கம்பங்கள், நடுவே மின்மாற்றிப் பெட்டி, திறந்த சாக்கடை மூடி, நிறுத்தப்பட்ட கார். நூறடி செல்வதற்குள் சாலையில் இறங்கிவிடுகிறோம். இறங்கிய பின் நம் வண்டிக்கும் பேருந்துக்கும் இடையே தடுப்பு ஒன்றும் இல்லை.

சாலையில் இறங்கினால் விபத்து அச்சத்தோடு காற்றும் சேர்ந்துகொள்கிறது. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பொன்றில், வண்டியில் செல்லும் குழந்தைகள் பெரியவர்களைக் காட்டிலும் 60 விழுக்காடுவரை கூடுதலான மாசுக்கு ஆட்படக்கூடும் என்று எழுதினர். வாகனப் புகைக்குழாயின் உயரமும் வண்டியிலுள்ள குழந்தையின் மூக்கும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருப்பதே காரணம். தில்லியின் நவம்பரை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோடையில் வேறு சிக்கல். வெயிலுக்கு அஞ்சி வண்டியின்மேல் துணியைப் போர்த்துகிறோம். மெல்லிய துணியே ஆனாலும் காற்றோட்டத்தைத் தடுத்து உள்ளே வெப்பத்தைத் தேக்கிவிடும். கூரையை விரிக்கலாம், குடை பிடிக்கலாம், நேரத்தை மாற்றலாம். முழுவதும் மூடக் கூடாது.

இவற்றையெல்லாம் அடுக்கிய பின் பலர் சொல்வது, ‘அப்படியென்றால் வண்டியே வேண்டாம், நம் பாட்டிமார் இடுப்பிலேயே வளர்க்கவில்லையா?’ என்பது. தொலைபேசியில் என் அம்மாவும் இதையே கேட்டார். இடுப்பில் வளர்த்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஒரே இடுப்பில் வளர்க்கவில்லை. அத்தை, பெரியம்மா, அக்கா, பக்கத்து வீட்டுப் பெண் என்று கைமாறிக்கொண்டே வளர்ந்த குழந்தைகள் அவர்கள். உறங்கத் தூளி இருந்தது. தூளியை ஆட்டவும் யாரேனும் இருந்தார்கள். ஊரைவிட்டு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருவர் மட்டும் வாழும் வீட்டில், கணவர் பணிக்குப் போன பின், ஒரு தாயிடம் இருப்பவை இரண்டே கைகள். பால் வாங்க, தடுப்பூசி போட, நூலகத்துக்கு ஒருமுறை போய்வர, அல்லது வெறுமனே வெளிக்காற்றில் நிற்க அவள் பிறரை எதிர்பார்த்திருக்க வேண்டுமா? பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் பெண் ஆய்வாளர்களுக்கு ஆய்வுக்காலம் முழுவதற்கும் சேர்த்து 240 நாள்வரை மகப்பேற்று, குழந்தை வளர்ப்பு விடுப்பு தருகின்றன. விடுப்பு முடிந்தபின் வளாகத்துக்குப் போகும் வழியைப் பற்றி எந்த விதியும் பேசுவதில்லை. துணையின்றி வெளியே வருதல் என்ற எளிய உரிமைக்குத்தான் வண்டி வேண்டியிருக்கிறது. அதை ஆடம்பரம் என்று ஒதுக்குவோர், மகப்பேற்றுக்குப் பின் நான்கு சுவருக்குள் கழியும் மாதங்கள் ஒரு பெண்ணின் மனத்தை என்ன செய்கின்றன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை மூன்று கட்டமாக அமைகிறது.

முதல் ஆறு மாதம் குழந்தையை உடலோடு சேர்த்துச் சுமக்கும் துணியே நம் நகரங்களுக்கு மிகப் பொருத்தம். மாடிப்படியும் மெட்ரோவும் குறுகிய சந்தும் அதற்குத் தடையில்லை, குழந்தையின் மூக்கும் புகைமட்டத்துக்கு மேலே இருக்கும். எந்தத் துணியானாலும் குழந்தையின் முகம் எப்போதும் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், தாடை மார்பில் படியக் கூடாது, மூக்கைத் துணியோ நம் உடலோ மூடக் கூடாது, கால்கள் தவளைபோல் விரிந்து முழங்கால் பிட்டத்தைவிட உயர்ந்திருக்க வேண்டும். அறுவை நிகழ்ந்தவர்கள், குறைமாதத்திலோ குறைந்த எடையிலோ குழந்தை பிறந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். தந்தையும் சுமக்கலாம், சுமக்க வேண்டும். முதுகுவலி முதலிய காரணங்களால் சுமக்க இயலாதவர்களுக்கு வண்டி தேவைதான். அவர்கள் எடையைப் பொருட்படுத்தாமல் முழுப்படுக்கை உள்ளதைத் தேர்க. சில மாதமே பயன்படும் பொருள் என்பதால் நண்பர்களிடம் இரவல் வாங்குவதோ வாடகைக்கு எடுப்பதோ போதும்.

இரண்டாவது, குழந்தை தானாகத் தலை நிமிர்த்தி, தாங்கலோடு உட்காரத் தொடங்கியதும் மடக்கு வண்டியைப் பாருங்கள். குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் கடையிலேயே மடக்கிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு நீங்களே செய்து பாருங்கள். மடக்கிய வண்டி தானாக நிற்கிறதா, தோளில் மாட்ட வார் இருக்கிறதா, ஆட்டோவின் காலடியில் அடங்குமா என்று பாருங்கள். இரு தோள், இரு இடுப்பு, கால் நடுவே என்று ஐந்து முனைப் பாதுகாப்பு வார் இருக்க வேண்டும். பிரேக் ஒரே மிதியில் இரு சக்கரத்தையும் பிடிக்க வேண்டும். முன்சக்கரத்தைக் கையால் சுழற்றி ஆட்டம் இருக்கிறதா எனப் பாருங்கள். வீட்டிலிருந்து புறப்படும் முன் மூன்றை அளந்து செல்லுங்கள்: மின்தூக்கிக் கதவின் அகலம் அல்லது படிகளின் எண்ணிக்கை, நீங்கள் அன்றாடம் கடக்கும் நடைபாதை விளிம்பின் உயரம், தடுப்புக் கம்பங்களுக்கு இடையேயான இடைவெளி. இந்த மூன்று எண்களும் இணைய மதிப்புரைகளைக் காட்டிலும் நம்பத்தக்கவை. பெருநிறுவனப் பெயருக்காகக் கொடுக்கும் பணத்தைவிட, சற்றுப் பெரிய சக்கரத்துக்காகக் கொடுக்கும் பணம் நன்றாகப் பயன்படும். அதற்காக ஒரு கிலோ கூடினாலும் மின்தூக்கி உள்ள வீட்டார் தயங்க வேண்டாம். மின்தூக்கி இல்லாத வீட்டார் மட்டும் எடைக்கு முதலிடம் கொடுங்கள்.

மூன்றாவது, அளந்த எண்களை வீணாக்காதீர்கள். தில்லியில் 60 அடியும் அதற்கு மேலும் அகலமுள்ள சாலைகள் பெரும்பாலும் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருக்கின்றன, அதைவிடக் குறுகியவை மாநகராட்சியின் பொறுப்பில். படத்தோடும் அளவோடும் ஒரு முறையீடு எழுதப் பத்து நிமிடம் ஆகும். ‘நடைபாதை சரியில்லை’ என்று எழுதினால் தள்ளிவிடுவது எளிது. ‘இன்ன நிலைய வாயிலிலிருந்து இத்தனை மீட்டரில் விளிம்பு 28 சென்டிமீட்டர், நெறிமுறைப்படி 15ஐத் தாண்டக் கூடாது, சாய்தளம் இல்லை’ என்று எழுதினால் விடை சொல்லியாக வேண்டும்.

இது குழந்தை பெற்ற சிலரின் வசதிக்கான கோரிக்கையா என்று கேட்கலாம். வண்டி வாங்க வசதியுள்ளோர் சிலரே என்பதையும், நம் சாலைகளைப் போடும் பெண்களின் குழந்தைகள் மணல்மேட்டின் ஓரத்தில் துணி விரித்துக் கிடக்கின்றன என்பதையும் மறந்து இதை எழுதவில்லை. ஆனால் சாய்தளம் வண்டி வைத்திருப்பவருக்கு மட்டும் உரியதன்று. சக்கர நாற்காலியில் செல்பவர், கைத்தடி ஊன்றும் முதியவர், காய்கறி வண்டிக்காரர், பெட்டியை இழுத்துக்கொண்டு விடுதிக்கு வரும் மாணவி என எல்லோருக்கும் அது ஒன்றே. தடையற்ற பொதுவெளியைச் சட்டம் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே வாக்களித்துவிட்டது. அவர்கள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கோரிக்கைக்கு, கைக்குழந்தைக்காரர்களாகிய நாமும் நம் குரலைச் சேர்க்கிறோம், அவ்வளவே. நம் தேவை இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடும். அவர்களுடையது முடியாது. ஆகவே பிள்ளை நடக்கத் தொடங்கி, வண்டியை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்ட பின்னும் முறையீட்டு எண்ணை வைத்திருந்து தொடர்ந்து கேளுங்கள்.

சென்னை, பெங்களூரு, மும்பை, கொல்கத்தா என்று பிற நகரங்களில் இருப்போர், உங்கள் தெரு விளிம்பின் உயரத்தையும் எந்த அலுவலகம் விடை தந்தது என்பதையும் கீழே எழுதினால், அடுத்து வரும் பெற்றோருக்கு எந்த மதிப்புரையைவிடவும் அது உதவும்.